மான்ஸ்டர் விடுதி கேம் மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

பூதம், ஸ்லைம், டிராகன், எலும்புக்கூடு என வரிசையாக வந்து உட்காரும் விருந்தாளிகளுக்குப் பரிமாறி, அறை ஒதுக்கி, பணியாளுக்குச் சம்பளம் கொடுத்து, இரவில் கல்லாவை எண்ணும் பிக்சல் கேம்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. இவற்றில் பல 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டுமானவை. இந்தக் குறிப்பும் அவர்களுக்கே. பெரும்பாலும் ஒருவரோ இருவரோ சேர்ந்து உருவாக்குவதால், எல்லா வகைக் கம்ப்யூட்டரிலும் ஓட்டிப் பார்த்து வெளியிடும் வசதி அவர்களுக்கு இல்லை. ஆனால் நான் பார்த்தவரை கோளாறுகளில் பாதிக்கு மேல் கேமுக்குள் இருப்பதே இல்லை. விண்டோஸ், திரை, ஃபோல்டர் பெயர், கரண்ட், சூடு என்று வெளியில்தான் இருக்கின்றன. நம் கையாலேயே சரிசெய்துகொள்ளலாம்.

எதைத் தொடும் முன்னும்: சேவ் ஃபைலை நகலெடுங்கள்

கேம் ஓடவில்லை என்றதும் பலர் சொல்லும் யோசனை, "அழித்துவிட்டுத் திரும்ப இன்ஸ்டால் பண்ணு" என்பது. தயவுசெய்து அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். சில கேம்கள் சேவ் ஃபைலைத் தம் சொந்த ஃபோல்டருக்குள்ளேயே வைக்கின்றன. ஃபோல்டர் போனால் நீங்கள் கட்டிய விடுதியும் போய்விடும்.

சேவ் எங்கே இருக்கும் என்பது கேம் எந்த எஞ்சினில், அதாவது எந்தக் கேம் செய்யும் மென்பொருளில் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தது. கேம் ஃபோல்டரைத் திறந்து பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். யூனிட்டிபிளேயர் என்ற டிஎல்எல் ஃபைல் இருந்தால் அது யூனிட்டி. பிசிகே என்று முடியும் பெரிய ஃபைல் இருந்தால் அநேகமாக கோடோ. டேட்டா என்று தொடங்கி வின் என்று முடியும் ஃபைல் இருந்தால் கேம்மேக்கர். மூன்று டபிள்யூ பெயருள்ள ஃபோல்டர் இருந்தால் ஆர்பிஜி மேக்கர் எம்வி.

இப்போது விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் ஆப்டேட்டா என்று ஆங்கிலத்தில் அடித்து, முன்னும் பின்னும் சதவீதக் குறி போட்டு என்டர் தட்டினால் ரோமிங் ஃபோல்டர் திறக்கும். கோடோ கேம்களின் சேவ் வழக்கமாக இங்கே கோடோ ஃபோல்டருக்குள், கேமின் பெயரில் இருக்கும். ஒரு படி மேலே போனால் லோக்கல், லோக்கல்லோ என்று இன்னும் இரண்டு தெரியும். கேம்மேக்கர் சேவ் லோக்கலில். யூனிட்டி சேவ் லோக்கல்லோவில், உருவாக்கியவரின் பெயருக்குள். ஆர்பிஜி மேக்கர் எம்வி மட்டும் கேம் ஃபோல்டருக்குள்ளேயே அந்த மூன்று டபிள்யூவுக்குள் சேவ் என்ற ஃபோல்டரில் வைக்கும். அழித்துவிட்டு அழுபவர்கள் பெரும்பாலும் இந்த வகைக்காரர்கள்தான்.

ஃபோல்டரை முழுதாக நகலெடுத்து, தேதியைப் பெயராகப் போட்டு பென்டிரைவில் வையுங்கள். யூனிட்டி கேம்களில் சில, சத்தம், திரை அளவு போன்ற அமைப்புகளை ஃபைலில் வைக்காமல் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் எழுதும். வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது அவை கூட வராது. விடுதி வந்துவிடும், அது போதும்.

"கடையில் தேடினால் கேமே வரவில்லை"

ஸ்டீம் என்ற கேம் கடையில் வயதுவந்தோர் கேம்கள் முதலிலிருந்தே மறைக்கப்பட்டிருக்கும். லாகின் செய்து, அக்கவுன்ட் விருப்பங்களில் முதிர்ந்த உள்ளடக்கம் பற்றிய பகுதியில் அனுமதி கொடுத்தால்தான் தேடலில் வரும். லாகின் செய்யாமல் பிரவுசரில் எத்தனை முறை தேடினாலும் கிடைக்காது.

இட்ச் என்ற இன்னொரு கேம் தளத்தில் கதை வேறு. 2025 ஜூலையில், பணம் வசூலித்துத் தரும் நிறுவனங்களின் நெருக்கடியால் அந்தத் தளம் வயதுவந்தோர் கேம்களைத் தேடல் பட்டியலிலிருந்து ஒட்டுமொத்தமாக எடுத்தது. தேடலில் இல்லை என்பதால் கேமே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். முன்பே வாங்கியிருந்தால் உங்கள் லைப்ரரிப் பக்கத்தில் பாருங்கள். இல்லையென்றால் உருவாக்கியவரின் சொந்தப் பக்கத்திலிருந்து நேரடி இணைப்பில் போங்கள்.

பணம் கட்டும்போது கார்டு மறுக்கப்பட்டால், 2020ல் வந்த ரிசர்வ் வங்கி விதியை நினைத்துக்கொள்ளுங்கள். புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தொடக்கத்தில் மூடியே இருக்கும். வங்கி ஆப்பில் போய் அதைத் திறந்து, ஒரு வரம்பு போட்டு, வாங்கியதும் மூடிவிடுங்கள். ஸ்டீமில் யுபிஐ உண்டு என்பதால் அங்கே இந்தச் சிக்கல் குறைவு.

"டபுள் கிளிக் செய்தால் ஒன்றும் நடக்கவில்லை"

ஜிப்புக்குள்ளிருந்தே கேமை ஓட்டுகிறீர்களா என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் ஜிப்பை ஃபோல்டர் போலவே திறந்து காட்டுவதால், பிரிக்காமலேயே உள்ளிருக்கும் ஃபைலைத் தட்டிவிடுகிறோம். பக்கத்தில் இருக்க வேண்டிய படமும் ஒலியும் கிடைக்காமல் கேம் அப்படியே மூடிக்கொள்ளும். முழுதாகப் பிரித்து, டி டிரைவில் நேராக ஒரு சின்ன ஃபோல்டரில் போடுங்கள். பாதை 260 எழுத்தைத் தாண்டினால் சில புரோகிராம்கள் தடுமாறும் என்பதால் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வேண்டாம்.

அந்த ஃபோல்டரின் பெயர் தமிழில் இருந்தால் ஆங்கில எழுத்துக்கு மாற்றுங்கள். இதை எழுத எனக்கு மனமே இல்லை. தமிழில் பெயர் வைப்பது நம் உரிமை. ஆனால் பழைய எஞ்சின்கள் யூனிகோட் பாதையைப் படிக்கத் தெரியாமல் எழுதப்பட்டவை. விண்டோஸ் பயனர் பெயரையே தமிழில் வைத்திருந்தால் ஆப்டேட்டா பாதைக்குள்ளும் தமிழ் வரும். அப்போது கேம் திறக்கும், சேவ் மட்டும் ஆகாது. உள்ள அக்கவுன்ட்டின் பெயரை மாற்றினாலும் ஃபோல்டரின் பெயர் மாறாது. ஆங்கில எழுத்தில் புதிதாக ஒரு லோக்கல் அக்கவுன்ட் திறந்து அதில் விளையாடுவதே சுருக்கமான வழி.

நீலப் பெட்டி வந்து விண்டோஸ் தடுத்தது என்றால், அந்த ஃபைலில் உருவாக்கியவரின் டிஜிட்டல் கையொப்பம் இல்லை, அதைப் போதிய பேர் இறக்கவுமில்லை என்று அர்த்தம். அந்தச் சான்றிதழுக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும், தனியாளாகச் செய்பவர்கள் கட்டுவதில்லை. அதிகாரப்பூர்வப் பக்கத்திலிருந்து இறக்கியது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால் மட்டும் கூடுதல் விவரத்தைத் தட்டி ஓட்டுங்கள். டெலிகிராம் குழுவில் இலவசமாகக் கிடைத்த ஃபைல் என்றால் ஓட்ட வேண்டாம். வயதுவந்தோர் கேம் என்ற பெயரில் வைரஸ் வைப்பது பழைய தந்திரம். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்ல மாட்டார்கள் என்பது வைப்பவர்களுக்குத் தெரியும்.

ஏதோ ஒரு டிஎல்எல் இல்லை, பெயரில் விசிரன்டைம் அல்லது எம்எஸ்விசிபி என்று வருகிறது என்றால், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிளை இறக்கிப் போடுங்கள். 32 பிட், 64 பிட் இரண்டையும். அந்த ஒற்றை டிஎல்எல்லை மட்டும் எங்கிருந்தோ இறக்கி ஒட்டாதீர்கள்.

"கறுப்புத் திரை, பாட்டு மட்டும் கேட்கிறது"

ஆல்ட்டையும் என்டரையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். பல கேம்களில் முழுத்திரையிலிருந்து ஜன்னலுக்கு மாறும், படம் வந்துவிடும். இரண்டு கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் விண்டோஸ் அமைப்புகளில் டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய் இந்தக் கேமுக்கு ஒன்றை மட்டும் நிரந்தரமாகத் தேர்ந்தெடுங்கள்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய லேப்டாப் வாங்கியவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. இன்டெல் 6ஆம் தலைமுறைக்கு முந்தைய உள்ளமை கிராஃபிக்ஸுக்கு விண்டோஸில் வல்கன் (கேம் படம் வரைய கிராஃபிக்ஸோடு பேசும் ஒரு முறை) ஆதரவு கிடையாது. கோடோ 4ல் செய்த கேம்களில் பல வல்கனைக் கேட்கும். பிக்சல் கேம்தானே, எதிலும் ஓடும் என்ற நினைப்பு இங்கே பலிக்காது. உருவாக்கியவரிடம், அதற்கு முந்தைய முறையான ஓபன்ஜிஎல்லில் ஓடும் பதிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். கோடோவில் அந்த மாற்றம் பெரிய வேலை இல்லை.

"படம் மங்கல், பிக்சல்கள் ஒரே அளவில் இல்லை"

இதைத்தான் நிறைய பேர் கோளாறு என்றே நினைக்காமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். ஒரு ஸ்லைமின் கண்ணை நான்கே புள்ளியில் வரைந்தவர், அந்த நான்கு புள்ளியும் எங்கே விழ வேண்டும் என்று யோசித்துத்தான் வைத்திருப்பார். அது கலங்கலாகத் தெரிந்தால் அவர் வரைந்ததை நாம் பார்க்கவே இல்லை.

காரணம் எளிய கணக்கு. பிக்சல் கேம்கள் சின்ன அளவில் வரையப்பட்டுப் பெருக்கிக் காட்டப்படுகின்றன. 640க்கு 360 என்பது பரவலான அளவு. 1920க்கு 1080 திரையில் அது சரியாக 3 மடங்கு, ஒவ்வொரு புள்ளியும் 3க்கு 3 சதுரம். 320க்கு 180 என்றால் 6 மடங்கு, 480க்கு 270 என்றால் 4 மடங்கு. எல்லாம் முழு எண். ஆனால் விலை குறைந்த லேப்டாப்களில் அதிகம் காணும் 1366க்கு 768 திரையில் 640க்கு 360ஐ நிரப்பினால் 2.13 மடங்கு வரும். 0.13 புள்ளி என்று ஒன்றைத் திரையில் வரைய முடியாது. அதனால் சில புள்ளிகள் 2 அகலம், சில 3 அகலம் ஆகின்றன. பாத்திரம் நடக்கும்போது முகம் நெளியும். அல்லது கிராஃபிக்ஸ் கார்டு நடுவில் நிறத்தைக் கலந்து மங்கலாக்கும்.

தீர்வு, திரையை நிரப்பும் ஆசையை விடுவது. இந்த 640க்கு 360 கேமை ஜன்னலாக்கி, சரியாக 2 மடங்கான 1280க்கு 720ல் வையுங்கள். சுற்றிக் கொஞ்சம் இடம் மிஞ்சும், படம் கத்திமுனை போல நிற்கும். கேம் அமைப்பில் முழு எண் அளவீடு (இன்டீஜர் ஸ்கேலிங்) என்ற தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். கேமில் இல்லையென்றால் கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கலாம். என்விடியாவில் டூரிங் தலைமுறையிலிருந்தும், இன்டெலில் 10ஆம் தலைமுறை ஐஸ் லேக்கிலிருந்தும் இன்டீஜர் ஸ்கேலிங் உண்டு. ஏஎம்டியும் 2019 கடைசியில் கொண்டுவந்தது. 1920க்கு 1200 திரை வைத்திருப்பவர்களுக்கு மேலும் கீழும் 60 புள்ளி கறுப்புப் பட்டை வரும். அது சரியான நிலைதான், நீட்டிச் சரிசெய்யப் போக வேண்டாம்.

திரை சரியாக இருந்தும் மங்கல் என்றால் விண்டோஸின் 125 சதவீதப் பெருக்கம் காரணமாக இருக்கும். கேம் ஃபைலில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, ஹை டிபிஐ அமைப்பு. அங்கே பெருக்கத்தை அப்ளிகேஷனே பார்த்துக்கொள்ளட்டும் என்று மாற்றுங்கள். டிவியில் இணைத்து விளையாடினால் டிவியின் ஷார்ப்னஸைக் குறைத்து கேம் மோடைப் போடுங்கள்.

"எழுத்து எல்லாம் கட்டமும் கேள்விக்குறியும்"

ஜப்பானில் செய்த பழைய கேம்களின் பிரச்சினை இது. அவை யூனிகோடுக்குப் பதில் ஷிஃப்ட் ஜிஸ் என்ற குறியேற்றத்தில் எழுதப்பட்டவை. விண்டோஸில் யூனிகோட் அல்லாத புரோகிராம்களின் மொழியை ஜப்பானியத்துக்கு மாற்று என்று எல்லா வழிகாட்டியும் சொல்லும். வேலை செய்யும். ஆனால் அதே கம்ப்யூட்டரில் பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருவில் டிடிபி வேலை நடக்கிறது என்றால் மாற்றாதீர்கள். அந்த எழுத்துருக்களும் யூனிகோட் அல்லாதவை, பழைய மென்பொருளில் தமிழ் கலைந்துவிடும். அச்சகத்துக்கு வேலை செய்துகொடுக்கும் வீடுகள் சென்னையில் இன்னும் உண்டு. லோகேல் எமுலேட்டர் என்ற இலவச மென்பொருள் அந்த ஒரு கேமை மட்டும் ஜப்பானியச் சூழலில் ஓட்டும். அதுவே மேல்.

"சில காட்சிகளில் மட்டும் கட்டம் கட்டமாக மறைக்கிறது"

இது கிராஃபிக்ஸ் கார்டின் தவறு அல்ல. ஜப்பானியத் தண்டனைச் சட்டம் 175ஆம் பிரிவின் காரணமாக அங்கே விற்கப்படும் வயதுவந்தோர் கேம்களில் மொசைக் போட்டுத்தான் வெளியிடுகிறார்கள். டிரைவர் மாற்றிப் பயனில்லை. காட்சிகளே காணோம் என்றால், கடைப் பதிப்பு ஒன்றாகவும் அந்தக் காட்சிகள் தனி இணைப்பு ஃபைலாகவும் வெளியிடப்பட்டிருக்கலாம். அந்த இணைப்பின் பதிப்பு எண்ணும் கேமின் பதிப்பு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். கேம் தானாக அப்டேட் ஆனதும் காட்சிகள் மறைவது இதனால்தான்.

"விருந்தாளிகளின் பொறுமை கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடுகிறது"

கேம் கடினமாக இருக்கிறது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். உங்கள் திரை 120 அல்லது 144 ஹெர்ட்ஸா என்று பாருங்கள். சில சின்ன கேம்களில் கடிகாரம் நொடியை எண்ணாமல் வரையப்படும் சட்டகங்களை (ஃபிரேம்களை) எண்ணுகிறது. 60க்கு எழுதப்பட்ட கேம் 144ல் ஓடினால் எல்லாம் 2.4 மடங்கு வேகம். பொறுமைப் பட்டை, அடுப்பு, பகல் பொழுது எல்லாமே. திரையை 60 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள், அல்லது என்விடியா பேனலில் அதிகபட்ச வேகத்தை 60 என்று கட்டுங்கள்.

மே மாதக் கத்திரியில் இதன் மறுபக்கம் வரும். சூடு தாங்காமல் பிராசஸர் தன் வேகத்தைக் குறைக்க, கேம் இழுத்து இழுத்து ஓடும். சின்ன பிக்சல் கேம் ஏன் லேப்டாப்பை இப்படிக் கொதிக்க வைக்கிறது என்றால், கட்டுப்பாடு இல்லாத கேம் மெனுவில் சும்மா நிற்கும்போதுகூட நொடிக்கு நூற்றுக்கணக்கான சட்டகங்களை வரைந்துகொண்டே இருக்கும். அதே 60 கட்டுப்பாடு இதையும் தீர்க்கும். மெத்தையின் மேல் வைத்து விளையாடாதீர்கள்.

"சேவ் காணவில்லை" அல்லது "திறந்தால் கெட்டுப்போனது என்கிறது"

இரண்டும் வேறு வேறு நோய்.

காணவில்லை என்றால் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது. கேமை புரோகிராம் ஃபைல்ஸில் வைத்திருந்தால், அங்கே எழுத அனுமதி இல்லாததால் பழைய கேம்களின் சேவ் ஃபைலை விண்டோஸ் சத்தமில்லாமல் லோக்கல் ஃபோல்டருக்குள் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்துக்குத் திருப்பிவிடும். அங்கே பாருங்கள். டாக்குமென்ட்ஸில் சேமிக்கும் கேம் என்றால் விண்டோஸ் டிஃபெண்டரின் ரான்சம்வேர் பாதுகாப்பு தடுத்திருக்கலாம். பாதுகாப்பை அணைக்க வேண்டாம், அந்தக் கேமுக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். ஒன்டிரைவ் டாக்குமென்ட்ஸை ஒத்திசைத்துக்கொண்டிருந்தால் பழைய நகலைப் புதியதன் மேல் போட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஒன்டிரைவ் தளத்தில் ஃபைலின் முந்தைய பதிப்புகளைத் திறந்து பார்க்கலாம்.

கெட்டுப்போனது என்றால் ஃபைலின் அளவைப் பாருங்கள். 0 கேபி என்றிருந்தால் எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போயிருக்கலாம். அந்த ஃபைலுக்குள் மீட்க ஒன்றுமில்லை. பக்கத்தில் அதே பெயரில் பேக் என்றோ ஓல்ட் என்றோ முடியும் ஃபைல் இருக்கிறதா என்று தேடுங்கள். கவனமாக எழுதப்பட்ட கேம்கள் முந்தைய சேவ் ஃபைலை அப்படி வைத்துக்கொள்ளும். இருந்தால் நகலெடுத்து, பெயரை மாற்றிப் போட்டால் கடைசி நாள் மட்டும்தான் நஷ்டம்.

டெஸ்க்டாப்பில் விளையாடுபவர்கள் யுபிஎஸ் இல்லாமல் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டிலும் கரண்ட் மாறும் அந்த ஒரு கணம் கம்ப்யூட்டர் அணைந்துவிடுவதுண்டு. பராமரிப்பு மின்தடை அறிவிப்பு வந்த நாளில், சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்பே சேவ் செய்து மூடிவிடுங்கள். ஒரே இடத்தில் மேலெழுதாமல் மூன்று இடங்களில் மாற்றி மாற்றிச் சேமியுங்கள்.

"பூதம் வாசலிலேயே நிற்கிறது, நாள் முடியவில்லை"

இதுதான் உண்மையிலேயே கேமுக்குள் இருக்கும் கோளாறு. கடைசி விருந்தாளி வெளியேறினால்தான் நாள் முடியும் என்று எழுதப்பட்டிருக்கும். அவரால் வெளியேற முடியவில்லை. ஒரு கட்டம் அகலமுள்ள வழியில் எலும்புக்கூடு போகும், இரண்டு கட்டம் அகலமான டிராகன் சிக்கிக்கொள்ளும். வேகத்தை 1 மடங்குக்கு இறக்கி, கட்டுமான முறைக்குப் போய் அதைச் சுற்றியுள்ள மேசை, தூண், செடியை எடுங்கள். பல கேம்களில் உடனே வழியைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடும். நகரவில்லை என்றால் சேவ் செய்யாமல் வெளியேறி, அன்று காலைச் சேவிலிருந்து தொடங்குங்கள். சிக்கிய நிலையிலேயே சேவ் செய்தால் அந்த நிலையே நிலைத்துவிடும். இனிமேல் வாசலுக்கு முன் இரண்டு கட்டம் எப்போதும் காலியாக இருக்கட்டும்.

"எல்லாம் சரியாக ஓடுகிறது, விடுதி மட்டும் நஷ்டம்"

மென்பொருள் கோளாறு இல்லை என்றாலும் இதையும் கேட்கிறார்கள். ஒரு கணக்குப் போதும். கேம் மணிக்கு 6 விருந்தாளிகள் வருகிறார்கள், ஒருவரைக் கவனிக்க 20 நிமிடம் என்றால் 120 நிமிட வேலை. இரண்டு பணியாளர்கள் மூச்சுவிடாமல் செய்தால் சரியாக வரும். ஒருவர் தண்ணீர் குடிக்கப் போனாலும் வரிசை நீளும். மூன்றாவது ஆளைப் போட வேண்டிய இடத்தில் நாம் நாற்காலிகளை வாங்கிக் குவிக்கிறோம். மதிய நேரத்துத் திருவல்லிக்கேணி மெஸ்ஸைப் பாருங்கள். இலை போடுபவரும் எடுப்பவரும் ஈடுகொடுத்தால்தான் அத்தனை பேர் உட்கார்ந்து எழ முடிகிறது. முதல் வாரத்தில் ஆள், பிறகு சரக்கு, அப்புறம்தான் அலங்காரம்.

வீட்டில் ஒரே கம்ப்யூட்டர் என்றால்

தனி விண்டோஸ் அக்கவுன்ட், பாஸ்வேர்டு, தானாகப் பூட்டும் திரை. குழந்தைகள் தொடும் கம்ப்யூட்டரில் இது கட்டாயம். ஸ்டீமில் 2024லிருந்து ஒரு கேமைத் தனிப்பட்டதாகக் குறிக்கும் வசதி உண்டு. நண்பர்கள் பட்டியலில் தெரியாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் ஒன்டிரைவ் அதையும் மேலே ஏற்றலாம், பிக்சர்ஸ் ஃபோல்டரை விலக்கி வையுங்கள். ப்ளூடூத் ஹெட்போனில் சார்ஜ் தீர்ந்தால் சத்தம் ஸ்பீக்கருக்குத் தாவும். பிஜியில் அறையைப் பகிர்ந்து இருப்பவர்கள் வயர் ஹெட்போனைப் பயன்படுத்தி, ஸ்பீக்கர் அளவைப் பூஜ்யத்தில் வைப்பது அறையில் இருப்பவருக்கும் மரியாதை.

எதுவும் பலிக்கவில்லை என்றால்

உருவாக்கியவருக்கு எழுதுங்கள். "கேம் ஓடவில்லை" என்று மட்டும் எழுதினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. கேமின் பதிப்பு எண், விண்டோஸ் பதிப்பு, கிராஃபிக்ஸ் கார்டு, கோளாறு வருவதற்கு முன் செய்த கடைசி மூன்று நான்கு செயல்கள், இவை போதும். எளிய ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதலாம், அவருக்கும் அது இரண்டாம் மொழியாக இருக்கலாம். கூடவே சேவ் ஃபைலையும், கேம் தான் செய்ததைக் குறித்துவைக்கும் லாக் ஃபைலையும் இணையுங்கள். யூனிட்டியில் லாக் ஃபைல் சேவ் இருக்கும் அதே லோக்கல்லோ ஃபோல்டரில் பிளேயர் என்ற பெயரில் இருக்கும். கோடோவில் சேவுக்குப் பக்கத்திலேயே லாக்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். கேமைத் திரும்பத் திறந்தால் யூனிட்டி புது லாக் எழுதத் தொடங்கி, பழையதைப் பெயர் மாற்றி ஒரே ஒரு முறைக்கு மட்டும் வைத்திருக்கும். அதனால் நின்றுபோனதும் முதலில் அதை நகலெடுங்கள்.

அனுப்பும் முன் லாக் ஃபைலை நோட்பேடில் திறந்து, யூசர்ஸ் என்ற சொல்லைத் தேடுங்கள். அதை அடுத்து உங்கள் விண்டோஸ் பயனர் பெயர் இருக்கும், பலருக்கு அது சொந்தப் பெயரேதான். எல்லா இடத்திலும் அதை வேறொரு சொல்லாக மாற்றிவிட்டு அனுப்புங்கள்.